மாமா வாங்கி வந்த நீரூற்று

என் அக்கா வீட்டுக்காரர் தன் வாழ்நாளில் தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கிய பொருள் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு நீரூற்று. வரவேற்பறை மூலையில் வைக்கிற அலங்காரச் சாமான். முழங்கால் உயரத்துக்கு மேல் கொஞ்சம் இருக்கும். மூன்று கிண்ணங்கள், மேல் கிண்ணத்தில் பொங்குகிற தண்ணீர் நடுக் கிண்ணத்தில் விழுந்து, அங்கிருந்து அடித்தொட்டியில் கொட்டி, மறுபடி மேலே ஏறும். பார்வைக்குக் கருங்கல், தட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக். அடியில் ஒரு விளக்கு வேறு, பச்சை, நீலம், ஊதா என்று மாறிக்கொண்டே இருக்கும். போட்டுக்கொள்ளும் சட்டையைக்கூட அக்காவை அனுப்பி வாங்குகிற மனுஷர், இதைத் தானே கடைக்குப் போய்த் தேர்ந்தெடுத்து, வண்டியில் இரண்டு முழங்காலுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு வந்து இறங்கினார்.

“மனசுக்கு அமைதி தருமாம். கடைக்காரன் சொன்னான்” என்றார்.

அமைதியாவது கிமைதியாவது. சுவிட்சைப் போட்டதும் வீடு முழுக்க ஒரே சளசளப்பு. அதோடு மோட்டாரின் உறுமல் தனி. அதே கட்டடத்தில் மேல்மாடியில் குடியிருக்கிற நான், குழாயை மூடாமல் விட்டுவிட்டேனோ என்று இரண்டு தரம் எழுந்துபோய் என் குளியலறையைப் பார்த்துவிட்டு வந்தேன். அக்கா வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாரும் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

மாமா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பெனியில் அவருக்குப் பெயர் ‘காது’. எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் மக்கர் செய்து, யாருக்கும் பிடிபடவில்லை என்றால், “காதைக் கூப்பிடுங்கப்பா” என்பார்கள். இவர் போய், மொட்டைமாடியில் மோட்டார் இருக்கும் அறைக்குள் நுழைந்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கிற எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். எங்கே உரசுகிறது, எது தேய்ந்துபோயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். எப்போதும் சரியாகச் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். சொன்னது தப்பானாலும் ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு விஷயம்.

ஆனால் ஒன்றில் மட்டும் அவரை அசைக்கவே முடியாது. பழுது பார்த்த பிறகு கடைசியாக ஒரு தரம் ஓட்டிக் கேட்பார். சத்தம் அடங்கியிருந்தால் “ஓடட்டும்” என்பார். கொஞ்சம் மீதி இருந்தாலும் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வராது. ஓட்டல்காரர் பெட்டியோடு நிற்கிற ஆட்களைக் காட்டிக் கத்துவார், மேனேஜர் போனில் குதிப்பார், இவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். தலைகீழாக நின்றாலும் சத்தம் இருக்கிற மெஷினைச் சத்தமில்லை என்று சொல்லத் தெரியாத ஆள்.

அக்காவின் வேலை இதற்கு நேர் எதிர். அவளுக்குச் சத்தமே ஆகாது. பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து கொடுப்பாள். ஒரு நூலகம் அவளுக்கு ரெக்கார்டரும் ஹெட்போனும் தந்திருந்தது. உள்ளறையில் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்க்க விறுவிறுக்கப் பொருளாதாரமும் வரலாறும் வாசிப்பாள். பரீட்சை நெருங்கினால் காலையில் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்திருப்பாள்.

நீரூற்று வந்த வாரம் நூலகத்திலிருந்து போன் வந்தது. “மேடம், தொழிற்புரட்சி பாடம் நல்லா இருக்கு. ஆனா பின்னாடி யாரோ குளிச்சுக்கிட்டே இருக்காங்க.”

அக்காவுக்கு மானம் போயிற்று. வாசிக்கும்போது நீரூற்றை நிறுத்திவிடச் சொன்னாள். மாமா, மோட்டாரை அடிக்கடி நிறுத்திப் போட்டால் கெட்டுவிடும் என்று ஏதோ சொல்லிப் பார்த்தார்.

“எனக்கே காது குத்தாதீங்க. லிஃப்ட் நிக்காம ஓடிக்கிட்டேவா இருந்துச்சு?” என்று சுவிட்சை அணைத்துவிட்டு அவள் உள்ளே போனாள்.

அது நின்றால் மாமா வீட்டில் இருக்க மாட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்ப் பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். வேகாத வெயிலில், ஹார்ன் சத்தத்துக்கு நடுவில், எந்த பஸ்ஸிலும் ஏறாமல். அக்கா அதைக் கோபம் என்று நினைத்தாள். எனக்கு மட்டும் விஷயம் தெரியும்.

நான் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறேன். நீரூற்று வாங்குவதற்கு முன்பே மாமா மூன்று தரம் வந்து காதில் விடும் சொட்டு மருந்து வாங்கிப் போயிருந்தார். முதல் தரம் அழுக்கு என்றார், இரண்டாம் தரமும் அழுக்கு என்றார். மூன்றாம் தரம் கவுண்டரில் கூட்டம் இல்லை. எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது.

“அவ்வளவு அழுக்கு சேர, காதுக்குள்ள என்ன மாமா வச்சிருக்கீங்க? உண்மையைச் சொல்லுங்க.”

அவர் கடைக்குள் ஒரு தரம் கண்ணை ஓட்டினார். பிறகு கவுண்டர்மேல் குனிந்து, “சத்தம் வருது குட்டி” என்றார். எனக்கு நாற்பத்தெட்டு வயது. அவருக்கு நான் இன்னும் குட்டிதான்.

“என்ன சத்தம்?”

“கீ...ன்னு. மெல்லிசா. நிக்கவே மாட்டேங்குது.”

ஓய்வு பெற்ற சில மாதங்களிலேயே அது தொடங்கியிருக்கிறது. வேறு யாராக இருந்தாலும் காதில் ஏதோ கோளாறு என்று டாக்டரிடம் போயிருப்பார்கள். இவர் மெக்கானிக். சத்தம் கேட்டால் எந்த மெஷின் என்று தேடித்தான் பழக்கம். தன் காதைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவே இல்லை. முதலில் ஃபிரிட்ஜை இழுத்துப் போட்டுப் பிரித்தார். அப்புறம் ஃபேன். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றி வைத்தார். “இனிமே மணி பார்க்கணும்னா நான் சூரியனைத்தான் பார்க்கணும்” என்று அக்கா சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. எல்லாரும் வீட்டில் சும்மா இருக்க முடியாமல் எதையோ நோண்டுகிறார் என்றுதான் நினைத்தோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கட்டடத்து லிஃப்டையே நிறுத்தினார். மாடிக்கு மாடி அறிவிப்பு மாட்டி, உள்ளே ஆள் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, முறையாகத்தான் நிறுத்தினார். அதோடு விடாமல் பொதுத் தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு என்று எல்லாவற்றுக்கும் மெயினை இறக்கிவிட்டார். ஐந்தாம் மாடிக்காரர் மளிகைப் பைகளோடு படியேறி வந்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். அன்றைக்கு எல்லாம் அடங்கிய பிறகு மொட்டைமாடி அறையில் தனியாக நின்று கேட்டதை மாமா என்னிடம் சொன்னார்.

“எல்லாத்தையும் அணைச்சுட்டேன் குட்டி. அது மட்டும் அணையல. அப்பத்தான் தெரிஞ்சுது, அது வெளியில இல்லன்னு.”

எனக்குப் பயம் வந்துவிட்டது. காரணம் சத்தம் இல்லை. மாமாவின் அண்ணனைப் பற்றி எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் காதில் இரைச்சல் என்றுதான் ஆரம்பித்தது. தலைக்குள் கட்டி என்று தெரிந்தபோது நாள் கடந்திருந்தது. அடுத்த வருஷம் அவர் இல்லை. மாமாதான் கடைசிவரை கூட இருந்து பார்த்துக்கொண்டார்.

“டாக்டர்கிட்ட போலாம் மாமா. ரெண்டு கடை தள்ளித்தான் இருக்காங்க. நான் கூட வரேன்.”

“போனா சொல்லிடுவாங்களே” என்றார்.

அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. ஒன்பதாம் மாடியில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று டீ குடிக்கிறவர், சொட்டு மருந்துப் புட்டியை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். அக்காவிடம் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அவள் பரீட்சைப் பதிவுகளை முடிக்கும்வரை என்று நான் கெடு வைத்தேன். அது முடிந்ததும் டாக்டர், இல்லையென்றால் நானே போட்டு உடைத்துவிடுவேன் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனவர், அடுத்த நாள் அந்த நீரூற்றோடு வந்து இறங்கினார். தண்ணீர் கொட்டினால் அந்தக் ‘கீ’ கேட்காதாம். கேட்காவிட்டால் இல்லை என்று கணக்காம். இந்தக் கூத்தை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

அவர் பஸ் நிறுத்தத்தில் காய்வது அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு வரவேற்பறைக்கே வந்தாள்.

“இங்க பாருங்க. நீங்க வீட்டுல இருக்கணும். உங்க ஃபவுண்டனும் ஓடணும். ஆனா என் ரெக்கார்டர்ல ஒரு சொட்டுச் சத்தம் விழக் கூடாது. லிஃப்டையே அடக்கினவர், இதை அடக்க மாட்டீங்களா?”

அவள் அன்பாகத்தான் சொன்னாள். அவருக்கு அது சவாலாகிவிட்டது. மாமா தன் கையாலேயே தனக்கிருந்த மறைப்பைப் பிய்க்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் கருவிப் பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேலை என்று ஒன்று கையில் வந்துவிட்டால் அதை அரைகுறையாகச் செய்ய அவருக்கு வராது.

முதலில் உறுமலைப் பிடித்தார். மோட்டார் நேராகத் தொட்டியின் அடியில் உட்கார்ந்து மொத்தத் தொட்டியையும் அதிரவைத்துக்கொண்டிருந்தது. பழைய லிஃப்ட் ரப்பர் ஒன்றை வெட்டி அதன் கீழே கொடுத்தார். தொட்டிக்கு அடியிலும் கனமான ஒரு பாய்த்துண்டு. தண்ணீர் குறைந்துபோய் மோட்டார் காற்றையும் சேர்த்து இழுப்பதால்தான் களக் களக்கென்று வருகிறது என்று தொட்டியை விளிம்புவரை நிரப்பினார். அதில் இன்னொரு லாபம்: தண்ணீர் மட்டம் ஏறியதால் மேலிருந்து விழுகிற உயரமும் குறைந்தது. சுவர் மூலையில் வைத்தால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பும் என்று மூலையை விட்டு நகர்த்தினார்.

அக்கா பதிவு செய்து கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள். “இப்ப குளிக்கல. கை கழுவுறாங்க.”

மோட்டாரின் பக்கத்தில் ஒரு சின்னத் திருகு உண்டு. அதைத் திருப்பித் தண்ணீர் வரத்தைப் பாதியாக்கினார். பிறகு தண்ணீர் அந்தரத்தில் விழுந்து தண்ணீரில் மோதுவதுதான் வினை என்று, கொசுவலைத் துண்டுகளை வெட்டிக் கிண்ணத்தின் விளிம்பிலிருந்து கீழ்த் தொட்டிவரை ஒட்டினார். தண்ணீர் கொட்டுவதை விட்டு வலையோடு ஒட்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. விழுகிற இடத்தில் கூழாங்கற்களைக் குவித்தார். ஒவ்வொரு வேலை முடிந்ததும் வீட்டில் சத்தம் கொஞ்சம் குறையும், மாமாவின் முகமும் கொஞ்சம் சுருங்கும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அக்காவிடம் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வரும்.

கடைசி நாள் மத்தியானம் நானும் அங்கே இருந்தேன். நீரூற்று ஓடிக்கொண்டிருந்தது, கண்ணால் பார்த்தால்தான் ஓடுகிறது என்று தெரியும். அக்கா அதற்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஒரு பக்கம் வாசித்தாள். ஹெட்போனை மாட்டிப் போட்டுக் கேட்டாள். முகம் மலர்ந்துவிட்டது.

“ஒண்ணுமே இல்லங்க! சுத்தம்! இந்தாங்க, நீங்களே கேளுங்க.”

அவர் தலையில் ஹெட்போனை அவளே மாட்டிவிட்டாள். அந்த ஹெட்போன் வெளிச்சத்தத்தை முழுசாக அடைத்துவிடும். மாமா கண்ணை மூடிக்கொண்டு, மெஷின் அறையில் நிற்கிற மாதிரி அசையாமல் கேட்டார். பக்கம் முடிந்தது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

“என்ன, சத்தம் இல்லதானே? சொல்லுங்க, ஓடட்டும்னு” என்றாள் அக்கா.

ஒரே ஒரு வார்த்தை. சொல்லியிருந்தால் அவள் சந்தோஷமாக உள்ளே போயிருப்பாள். இத்தனை மாதம் எதையெதையோ சொல்லிப் பூசி மெழுகியவருக்கு இந்த ஒரு பொய்யைச் சொல்ல நாக்கு எழவில்லை.

“இருக்கு” என்றார்.

“எங்க இருக்கு? நான் கேட்டேனே, ஒண்ணும் இல்லையே!”

“இருக்கும்மா. எனக்குக் கேக்குது. இல்லன்னு என்னால சொல்ல முடியல.” ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “ஃபவுண்டன்ல இல்ல. எனக்குள்ள.”

அக்காவுக்குப் புரிய நேரமாகவில்லை. ஃபிரிட்ஜ், கடிகாரம், லிஃப்ட், பஸ் நிறுத்தம் என்று அவள் மனதில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததை அவள் முகத்திலேயே பார்த்தேன். “உங்க அண்ணன்...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். பிறகு வெடித்தாள்.

“காதுல சத்தம் வந்தா டாக்டர்கிட்ட போவாங்களா, ஃபவுண்டன் வாங்குவாங்களா? கலர் லைட்டு வேற!” அடுத்தது என் பக்கம் திரும்பினாள். “ஏன்டி, உனக்கும் தெரியுமா?”

“சத்தியம் வாங்கிட்டாருக்கா.”

“ரெண்டு பேரையும் நிக்க வச்சுத் தண்ணியில முக்கணும். செருப்பைப் போடுங்க. இப்பவே போறோம்.”

“பரீட்சைப் பாடம் இன்னும் ரெண்டு—”

“பரீட்சை எழுதுறவங்க ஒரு நாள் பொறுப்பாங்க. நான் பொறுக்க மாட்டேன்.”

அப்படித்தான் போனோம். டாக்டரம்மா அதிகம் பேசாதவர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கேள்விகள் கேட்டார், சத்தம் புகாத ஒரு சின்னக் கண்ணாடி அறைக்குள் மாமாவை உட்காரவைத்துக் கேட்கும் திறனைச் சோதிக்கச் சொன்னார். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் மாமா கதவைத் திறந்து, “இந்த ரூம் ஃபேன்ல சத்தம் வருதும்மா, அதை நிறுத்திட்டு டெஸ்ட் பண்ணுங்க” என்றார்.

“சார், உள்ள ஃபேனே இல்ல” என்றாள் அங்கிருந்த பெண். மாமா மறுபடி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அக்கா என் கையைப் பிடித்திருந்த பிடியில் என் வளையல் நசுங்கிவிட்டது.

அண்ணன் கதையைக் கேட்டதும் டாக்டரம்மா ஸ்கேனும் எடுத்துவிடலாம் என்றார். அதன் முடிவு வருவதற்குள் நாங்கள் பட்ட பாட்டை எழுத எனக்கு இஷ்டமில்லை. அக்கா வாசிக்கவே இல்லை. மாமா நீரூற்றைப் போடவே இல்லை. இரண்டு பேரும் சத்தமே இல்லாத அந்த வீட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுபடி போனபோது டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “தலைக்குள்ள ஒண்ணுமே இல்ல” என்றார்.

“அது எனக்குக் கல்யாணமான புதுசுலயே தெரியும் டாக்டர்” என்றாள் அக்கா. சொல்லி முடித்ததும் ஓவென்று அழ ஆரம்பித்தாள். மாமா சிரிக்கவா அழவா என்று தெரியாமல் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னைவிட நிம்மதியானவர் அந்த அறையில் யாரும் இல்லை என்று நினைத்தேன். பிறகு மாமாவின் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். இத்தனை மாதம் அவர் அவற்றைத் தூக்கியே வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

வருஷக்கணக்காக மெஷின் அறையின் இரைச்சலில் நின்றதால் காது கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, தேய்ந்த காது தானே ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கொள்கிறது என்றார் டாக்டரம்மா. அண்ணனுக்கு வந்தது வேறு, இது வேறு. முழுசாக நின்றுவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து எதுவும் இல்லை. பயந்தால் பெரிசாகக் கேட்கும், பழகிவிட்டால் கேட்டும் கேட்காத மாதிரி இருக்கும்.

“வீட்டுல மெல்லிசா ஏதாவது சத்தம் இருக்கட்டும். அமுக்கப் பார்க்காதீங்க. உங்களுக்குக் கேக்குற அந்தச் சத்தத்தைவிட ஒரு பிடி கம்மியா வச்சுக்குங்க. ஃபேன், ரேடியோ, எதுனாலும் சரி.”

“ஃபவுண்டன்?” என்று மாமா கேட்டார். டாக்டரம்மா அன்றைக்குத்தான் முதல் தடவையாகச் சிரித்தார்.

மாமா நீரூற்றிலிருந்து கொசுவலையையும் கூழாங்கற்களையும் எடுத்துவிட்டார். அக்கா மீதிப் பாடங்களை முடித்துக் கொடுத்துவிட்டாள். இப்போது அவள் வாசிக்கும்போது நீரூற்று நின்றிருக்கும். மாமா பஸ் நிறுத்தத்துக்குப் போவதில்லை. உள்ளறையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, தாள் சரசரக்காமல் பக்கம் புரட்டிக் கொடுக்கிறார். காதுக்குள் அந்தச் சத்தம் இப்போது இல்லையா என்று கேட்டேன். “இருக்கு. இருந்துட்டுப் போகட்டும், யாரு வேணாங்கறது?” என்றார்.

வாசித்து முடித்ததும் அக்கா வரவேற்பறைக்கு வந்து நீரூற்றின் முன்னால் குத்துக்காலிட்டு உட்காருவாள். சுவிட்சைப் போட்டுவிட்டு அந்தச் சின்னத் திருகில் விரலை வைத்துக்கொள்வாள். தண்ணீர்ச் சத்தம் அவளுக்குக் கேட்கும். அதை எந்த அளவுக்கு வைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அதற்கு அவர் காதுக்குள் இருப்பது அவளுக்கும் கேட்க வேண்டும். அவரைத்தான் அவள் கேட்டாக வேண்டும். அவரும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நேற்று சாயங்காலம் நான் போனபோதும் அதுதான் நடந்துகொண்டிருந்தது. மாமா நாற்காலியில் கண்ணை மூடித் தலையைச் சாய்த்திருந்தார்.

“இன்னிக்கு எப்படி இருக்கு உங்க ஆளு?”

“கொஞ்சம் கம்மிதான்.”

“அப்ப இதையும் குறைக்கவா?”

“குறை. இன்னும் கொஞ்சம். ம்ம், அவ்வளவு வேணாம், கொஞ்சம் கூட்டு.”

அவள் திருகை இம்மியாகத் திருப்பினாள். விளக்கு ஊதாவிலிருந்து பச்சைக்கு மாறியது. அவர் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டார். அவள் திருகிலிருந்து விரலை எடுக்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஓடட்டும்” என்றார் மாமா.